நிற்காத வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா?

2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய அர்னேஷ் குமார் தீர்ப்பைப் படிக்காத குற்றவியல் வழக்கறிஞர் இருக்க முடியாது. கைது செய்யுமுன் காவல்துறை எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பாகவே அது பேசப்படுகிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தவை, அதில் எடுத்தாளப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள். மனைவியைக் கணவனோ அவன் உறவினர்களோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் கீழ் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் விகிதம் 93.6 சதவீதம், தண்டனை கிடைக்கும் விகிதம் 15 சதவீதம். அன்று நிலுவையில் இருந்த 3,72,706 வழக்குகளில் ஏறத்தாழ 3,17,000 வழக்குகள் விடுதலையில்தான் முடியும் என்று நீதிமன்றமே கணக்கிட்டுச் சொன்னது.

பார் அசோசியேஷனில் இந்த எண்களை வைத்து இரண்டு கட்சிகள் உண்டு. நூற்றுக்கு எண்பத்தைந்து வழக்குகள் பொய் என்பது ஒரு கட்சி. நூற்றுக்கு எண்பத்தைந்து பெண்களை நீதிமன்றம் கைவிட்டது என்பது மற்றொன்று. கணவர்களுக்காகவும் மனைவிகளுக்காகவும் மாறி மாறி வக்காலத்துப் போட்டவன் என்ற முறையில், இரண்டுமே அவசரமான வாசிப்புகள் என்று எனக்குத் தோன்றுகிறது. பதிவாகும் வழக்குகளில் ஏறத்தாழ அத்தனையும் குற்றப்பத்திரிகையாகி, அவற்றில் ஆறில் ஐந்து விடுதலையாகின்றன என்றால், இடையில் எவரும் எந்த வழக்கையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய சங்கதி. நிற்காத வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியை நம் ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதே இல்லை.

கேட்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்தில் குடும்ப வன்முறை வழக்கில் ஒருவர்மீது குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பதை கிரௌன் பிராசிகியூஷன் சர்வீஸ் என்ற தனி அமைப்பு முடிவு செய்கிறது. இருக்கிற சாட்சியத்தை வைத்துத் தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டா, உண்டென்றால் வழக்குத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததா என்று இரண்டு படிகளில் அங்கே ஓர் அரசு வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் அந்த முடிவு முழுக்கப் புலனாய்வு அதிகாரியின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு மணப்பெண்ணின் மரண வழக்கில், அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்று அதன்படி இறுதி அறிக்கை தாக்கல் செய்யுமாறு உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதா என்பது காவல் அதிகாரியின் தனி அதிகாரம், அதில் அரசு வழக்கறிஞருக்கு இடமில்லை என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். நடைமுறையில் அதன் விளைவு என்னவென்றால், நடுவர் நீதிமன்றத்தில் வழக்கை நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர், அதாவது ஏ.பி.பி., வழக்குக் கட்டை முதன்முதலாகப் பிரித்துப் பார்ப்பது பல நேரங்களில் சாட்சி விசாரணைக்குத் தேதி குறித்த பிறகுதான்.

வழக்கைப் புலனாய்வு செய்யும் காவல் ஆய்வாளர் தரப்பிலிருந்து யோசித்துப் பாருங்கள். 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை, என்று எழுதி வழக்கை முடித்தால், பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டார் என்று புகார் கிளம்பும்; எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு போகும். நாளை அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் தலை உருளும். குற்றப்பத்திரிகை போட்டுவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று ஆண்டு கழித்து வழக்கு விடுதலையாகும்போது அவர் வேறு மாவட்டத்தில் இருப்பார்.

பலவீனமான வழக்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். அவை ஒரே இனமல்ல. நடந்தது உண்மை, ஆனால் எழுதியது மிகை என்பதால் பலவீனமான வழக்குகள் உண்டு. இதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால் ஏதேனும் ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சனிக்கிழமை இரவு கன்னத்தில் அறைந்து, தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்ததைச் சொல்லத்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள். தட்டச்சுக்காரரிடம் ஏற்கெனவே ஒரு மனு இருக்கிறது. அதில் திருமணத்தன்று போட்ட நகை எத்தனை பவுன், கொடுத்த ரொக்கம் எவ்வளவு, சீர்வரிசையாகத் தந்த பீரோ, கட்டில், இருசக்கர வாகனம் ஆகியவை மூன்று பக்கம் வரும். பிறகு கணவர், மாமியார், மாமனார், கொழுந்தன், வேறு ஊரில் குடும்பம் நடத்தும் நாத்தனார், அவள் கணவர் எல்லோரும் 'ஒன்றுசேர்ந்து உடல்ரீதியாகவும் மனரீதியாகவும்' துன்புறுத்தியதாக ஒரு வாக்கியம் வரும். சனிக்கிழமை இரவு நான்காவது பக்கத்தில் ஒன்றரை வரியாகச் சுருங்கிக் கிடக்கும்.

அந்த ஒன்றரை வரிதான் வழக்கு. அதை நிரூபிக்கக் கூடியவை மறுநாள் காலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்திருப்பார். 112-க்கோ 181-க்கோ அழைத்திருந்தால் அந்த அழைப்பின் நேரம் பதிவாகியிருக்கும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பணி மருத்துவர் இரண்டு வரி எழுதியிருப்பார். இந்தப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 'தெரிந்த ஒரு நபரால், அவரது வீட்டில், இன்ன தேதி இரவு இன்ன மணிக்குக் கையால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்' என்பதுதான் அதன் வழக்கமான வாசகம். மனுவில் ஆறு பேர் அடித்ததாக இருக்கும், ஏ.ஆரில் 'ஒரு நபர்' என்று இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொன்ன அந்த ஓர் ஆவணமே மிகைப்படுத்திய மனுவோடு முரண்பட்டு வழக்கைக் கவிழ்த்துவிடும். கணவரே மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தாலோ, அதில் 'வழுக்கி விழுந்ததாக' என்று இருக்கும். அதை ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளிடம் எந்தப் புலனாய்வு அதிகாரியும் கேட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

உறவினர்களையெல்லாம் பொத்தாம்பொதுவாகச் சேர்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2010-இலிருந்து பல தீர்ப்புகளில் கண்டித்துவிட்டது. 2022-இல் அப்படிப்பட்ட ஒரு வழக்கை உறவினர்களைப் பொறுத்தவரை ரத்தும் செய்தது. 2012-இல் 498ஏ பிரிவில் கைதானவர்களில் 47,951 பேர் பெண்கள், அதாவது ஏறத்தாழ கால்வாசி, என்று அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே கணவர் வீட்டாரின் புலம்பலில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனு மிகையானது என்பதாலேயே அடி பொய்யாகிவிடாது. இரண்டையும் பிரித்தெடுப்பது புலனாய்வின் வேலை. அதைச் செய்யாமல் ஆறு பேர்மீதும் அப்படியே குற்றப்பத்திரிகை போடுவது, அடித்தவனைக் காப்பாற்றுவதற்கான நிச்சயமான வழி.

அடுத்தது, பெண்ணே பின்வாங்கிவிடுவதால் பலவீனமாகும் வழக்கு. நீதிமன்றத்தில் அது எப்படி நடக்கிறது என்பது இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் மனப்பாடம்.

"இந்த மனு நீங்க ஸ்டேஷன்ல குடுத்ததுதானேம்மா?"

"கையெழுத்து என்னோடதுதாங்க சார். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

"உங்க வீட்டுக்காரர் அடிச்சாரா இல்லையா?"

"சின்னச் சின்ன சண்டைதாங்க. இப்ப ஒண்ணாத்தான் இருக்கோம்."

ஏ.பி.பி. எழுந்து, அவளைப் பிறழ்சாட்சியாக, அதாவது தன்னை அழைத்த தரப்புக்கே எதிராகத் திரும்பிய சாட்சியாக, அறிவிக்க அனுமதி கேட்பார். சம்பிரதாயத்துக்கு நான்கு கேள்விகள், நான்கு 'சரியல்ல'. அடுத்த வழக்கு அழைக்கப்படும். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அந்த அறையில் உள்ள அனைவருக்கும் தெரியும். எந்தப் பொய், அன்று சொன்னதா இன்று சொல்வதா என்பதைக் கண்டுபிடிக்கிற அக்கறை யாருக்கும் இருப்பதில்லை. மனு கொடுத்ததற்கும் இந்தச் சாட்சியத்துக்கும் இடையில் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். தந்தை இறந்திருப்பார், தம்பிக்குத் திருமணமாகி அம்மா வீட்டில் அவளுக்கு இருந்த அறை போயிருக்கும், பிள்ளை பள்ளியில் சேர்ந்திருக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதே ஆய்வு, வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம் மட்டுமே என்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் கேட்டது பெற்ற வீட்டாரிடம்தான். காவல் நிலையப் படி ஏறியவள் இந்தப் பெருங்கூட்டத்தில் எவ்வளவு அரிதானவள் என்று பாருங்கள். அவள் பின்வாங்கினால் அதற்குக் காரணம் இருக்கும்.

அவள் பின்வாங்கியதும் வழக்கையும் கைவிடுவதென்றால், கணவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவளை எப்படியாவது பின்வாங்க வைப்பது. அதற்கு அவனிடம் வீடும் பிள்ளையும் காலமும் இருக்கின்றன. இதனால்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் சில நகரங்களிலும், பெண் சாட்சி சொல்ல வராவிட்டாலும் மற்ற சாட்சியங்களைக் கொண்டே வழக்கு நடத்துவது என்ற முறை உருவானது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில், பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டாலும் வழக்கைக் கைவிடுவதில்லை என்ற கொள்கையையே நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம் கடைப்பிடித்தது. அங்கும் அதற்கு எல்லை உண்டு. நீதிமன்றத்துக்கு வராத பெண் அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்து ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னதைச் சாட்சியமாக ஏற்கலாம். ஆபத்து நீங்கிய பிறகு காவலரிடம் சொன்னதைக் குறுக்கு விசாரணை இல்லாமல் ஏற்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் டேவிஸ் எதிர் வாஷிங்டன் வழக்கில் கோடு கிழித்தது.

நமக்கும் இது புதிதல்ல. நிகழ்வோடு ஒட்டிப் பேசப்பட்ட சொற்கள் ஏற்புடைய சாட்சியம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 4-ஆம் பிரிவு. பிறழ்சாட்சியின் சாட்சியத்தையும் முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இருந்தும், அவளுடைய வாய்மொழியை மட்டும் நம்பி, அவள் அருகில் யாரையும் எதையும் சேர்க்காமல் வழக்கு கட்டுகிறோம். காவலரிடம் கொடுத்த வாக்குமூலம் முரண்பாட்டைக் காட்டவே பயன்படும்; புகார் மனுவும் தனியாக நிற்கிற சாட்சியமல்ல. அவள் சரிந்தால் எல்லாமே சரிந்துவிடுகிற மாதிரித்தான் கட்டை அடுக்குகிறோம்.

தொடக்க நாட்களை நாமே வீணடிக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனு கொடுத்தால் முதலில் கிடைப்பது, புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது. பிறகு இருதரப்பையும் அழைத்துக் கவுன்சிலிங். 'குடும்பம்னா நாலும் இருக்கும்மா, எழுதிக் குடுத்துட்டுச் சேர்ந்து போங்க' என்று ஒரு முறை. இன்னொரு முறை. பல மாவட்டங்களில் சமூக நல அலுவலரின் அறிக்கைக்காகவும் காத்திருப்பு. திருமணத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை செய்யலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் அதைச் செய்ய இடம் தருகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு இரண்டு மாதம் கைது வேண்டாம், குடும்பநலக் குழு பேசிப் பார்க்கட்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்ற வழிகாட்டுதலுக்கு ஒப்புதல் தந்தது. அந்த இரண்டு மாதத்திலும் காயச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேகரிக்கும் வேலை தொடர வேண்டும் என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. எந்த நிலையத்தில் தொடரும்? வீக்கம் வடிய ஒரு வாரம் போதும். எதிர்வீட்டு அம்மா வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு போக ஒரு மாதம் போதும்.

நிற்காத வழக்கை நடத்தினால் யாருக்கு நட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: முதல் நட்டம் அந்தப் பெண்ணுக்கு. பொய்ப்புகார் கொடுத்து வழக்குத் தொடர்வது கணவருக்கு இழைக்கும் மனரீதியான கொடுமை, அது விவாகரத்துக்குப் போதுமான காரணம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சந்தேகத்தின் பலன் தந்து விடுவித்ததும் புகார் பொய் என்று தீர்ப்பளித்ததும் ஒன்றல்ல என்று நாங்கள் வாதிடலாம். குடும்பநல நீதிமன்றத்தில் விடுதலைத் தீர்ப்பின் நகலை எதிர்த்தரப்பு நீட்டும்போது அந்த நுணுக்கம் எடுபடுவது கடினம். ஜீவனாம்ச வழக்கிலும் பிள்ளையின் பராமரிப்பு வழக்கிலும் அதே நகல் மீண்டும் வரும். வீட்டிலோ, விடுதலையாகி வந்தவனுக்கு இனி எவர்மீதும் பயமிருக்காது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதை நான் எளிதில் தள்ளமாட்டேன். தண்டனை கிடைக்காவிட்டாலும் வழக்கு இருப்பதால்தான் நகை திரும்ப வருகிறது என்பது அது. உண்மைதான். 498ஏ சமரசத்துக்குரிய குற்றமல்ல, அதாவது இருதரப்பும் தாங்களாகவே பேசி முடித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இருதரப்பும் ஒத்துப்போனால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2003 முதல் வழி இருக்கிறது. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அப்படி ரத்தாகும் வழக்குகளின் உடன்படிக்கைகளைப் படித்தால், பவுன் கணக்கும் ரொக்கக் கணக்கும் மனமொத்த மணவிலக்கும் வரிசையாக இருக்கும். இதை மிரட்டல் என்று சொல்பவர்கள், தன் நகையை வேறெந்த நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டில் அவள் மீட்டிருப்பாள் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழக்குகள் விசாரணைக்காகப் போடப்பட்டவை அல்ல என்பதை நாமாவது ஒப்புக்கொள்ளலாம். அவற்றைத் தண்டனை விகிதக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று முழங்குவது மோசடி.

என் கருத்து இதுதான். அவளைச் சாராத ஒரு சாட்சியமாவது இருக்கிற வழக்கை, அது ஏ.ஆர். காப்பியோ அண்டை வீட்டாரோ இரவில் போய்ப் பார்த்த தலைமைக் காவலரோ, அவள் பின்வாங்கினாலும் நடத்த வேண்டும். ஆனால் அடித்தவன் ஒருவன்மீது, நடந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும். அவளுக்குப் பிடியாணை அனுப்பி இழுத்து வரக்கூடாது. பிறழ்ந்து சொன்னதற்காக அவள்மீது பொய்ச்சாட்சி நடவடிக்கை கூடவே கூடாது. மனுவைத் தவிர வேறெதுவும் இல்லை, அவளும் சொல்லத் தயாரில்லை என்றால், குற்றப்பத்திரிகை போடாமல் காரணத்தை எழுதி முடிக்கிற துணிவு அதிகாரிக்கு வேண்டும். அந்தக் காரணத்தை இன்னொருவர் படித்துப் பார்க்கவும் வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பை வழக்குத்தொடர்பு உதவி இயக்குநரிடம் தருகிறது. 498ஏ இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. தண்டனை மூன்று ஆண்டு வரை. ஆகவே அது அவர் எல்லைக்குள்தான் வருகிறது. கண்காணிப்பது என்றால் மாதாந்திரப் பட்டியலில் கையெழுத்திடுவது என்று ஆகிவிடாமல் இருந்தால், எடைபோடும் ஆள் நமக்கும் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

அப்படி முடிக்கப்படும் வழக்கில் பெண் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணையும் குடியிருப்பு ஆணையும் கேட்கலாம். குற்ற வழக்குக்குரிய ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் அதற்குத் தேவையில்லை. ஆணையை மீறினால் அது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அந்த மீறலை அவளுடைய ஒற்றைச் சாட்சியத்தை வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்று 32-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. என்னிடம் வரும் பெண்களில் கணவன் சிறைக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியே தள்ளக் கூடாது, செலவுக்குத் தர வேண்டும் என்பவர்களே அதிகம். 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லும் மனு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

அருகிலுள்ள ஒரு நீதிமன்றத்தில், கணவன் ஒருவனை மட்டும் எதிரியாகச் சேர்த்துக் குற்றப்பத்திரிகை போட்ட ஓர் அபூர்வமான உதவி ஆய்வாளரின் வழக்கு சிறிது காலத்துக்கு முன் முடிந்தது. மனைவி வழக்கம்போல் பிறழ்ந்தார். மாடியில் குடியிருந்த ஆசிரியை பிறழவில்லை, மருத்துவரும் வந்தார். கொடுமைக் குற்றச்சாட்டில் நடுவர் விடுவித்துவிட்டு, காயம் ஏற்படுத்தியதற்காக 323-இல் மட்டும் ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தார். பழைய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவுக்கு அபராத உச்சவரம்பே அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை ஆண்டு ஒரு வழக்கா என்று அன்று வெளியே சிரித்தவர்களில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஒருவர். இருந்தும் அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். காரணம் ஆயிரம் ரூபாய் அல்ல: அந்தப் பெண் சில மாதங்கள் கழித்துப் போட்ட பாதுகாப்பு மனுவில் அத்தீர்ப்பின் சான்றிட்ட நகலை முதல் ஆவணமாகச் சேர்த்திருக்கிறார். மேல்முறையீடு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது.